எந்தக் குழியில் எடுத்தது?

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காக்காப்பொன் ஒரு கனிமமாக அறிமுகமாவதற்கு முன்னால் ஒரு விளையாட்டுச் சாமானாகவே அறிமுகமாகிவிடும். கந்திலிச் சாலையில் வரும் மாட்டு வண்டிக்காரர்கள் யாரிடமேனும் கெஞ்சிக் கேட்டு வாங்கிய பொன்னிறத் தகடுகளை நாங்கள் சட்டைப் பையில் பத்திரப்படுத்தி வைத்திருந்து, மாலையில் அம்மா அடுப்பை விட்டு அகன்ற சமயம் பார்த்துத் தணலில் போடுவோம். போட்ட மாத்திரத்தில் அந்தத் தகடு உயிர் பெற்றதுபோல் நெளிந்து, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, நெற்பொரி பொரிவதைப் போலப் பல மடங்கு உப்பி நிற்கும். அபிரகத்தின் அடுக்குகளுக்கு இடையில் அகப்பட்டிருந்த நீர் ஆவியாகி அடுக்குகளைத் தள்ளுவதால் அப்படி ஆகிறது என்பதும், புழு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்கு வெர்மிகுலைட் என்ற பெயர் வந்தது என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. ஆயினும் ஒரு கல் தன் சுபாவத்தை மறைத்து வைத்திருக்கும், தக்க முறையில் கேட்டால் காட்டும் என்ற நம்பிக்கை என் மனத்தில் விழுந்தது அந்த அடுப்பங்கரையில்தான்.

அந்தக் காக்காப்பொன் வந்த இடம் செவ்வாத்தூர். கிழக்கே ஜவ்வாது மலையும் வடக்கே ஏலகிரியும் நிற்க, அருகில் கிடக்கும் சமவெளியில், திருப்பத்தூருக்குத் தென்மேற்கே இருக்கிற ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் புளிய மரமுமாகப் பார்வைக்கு மற்ற ஊர்களைப் போலவே இருந்தாலும், அதன் செம்மண்ணுக்கடியில் கிடக்கும் பாறை உலகத்தில் அதிக இடங்களில் கிடைக்காத ஜாதியைச் சேர்ந்தது. சாதாரணமாகச் சுண்ணாம்புக்கல் என்பது கடலடியில் சங்கும் சிப்பியும் படிந்து உண்டாவது என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் பூமியின் வெகு ஆழத்திலிருந்து நெருப்புக் குழம்பாகவே எழும்பி வந்து உறைந்த சுண்ணப் பாறையும் உண்டு. அதைக் கார்பனடைட் என்பார்கள். நம் நாட்டில் முதன்முதலாக அப்படி ஒன்று இருப்பது குஜராத்தின் அம்பா டோங்கரில் 1963ஆம் ஆண்டில் சுகேஷ்வாலா, உதாஸ் என்ற இருவரால் அறிவிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் செவ்வாத்தூரும் கொரட்டியும் சாமல்பட்டியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

சென்னையில் நான் புவியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, 1971ஆம் ஆண்டில், சோவியத் நாட்டு நிபுணர் பரோடினும் நம் நாட்டுப் புவியியலாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கார்பனடைட்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில் செமினோவ், கோபால், சுப்பிரமணியன் என்ற மூவர், சாமல்பட்டியை அடுத்த ஜோகிப்பட்டியில் பென்ஸ்டனைட் என்ற பேரியக் கனிமம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் முதலில் கண்டு விவரிக்கப்பட்ட ஓர் அபூர்வப் பொருள் எங்கள் ஊருக்குச் சில காத தூரத்தில் கிடந்திருக்கிறது என்ற செய்தியைத் துறை நூலகத்தில் நின்றபடியே படித்த நான், அன்று முழுவதும் வேறு எதையும் படிக்கவில்லை. அதைவிட என்னைக் கிளர்ச்சியுறச் செய்தது, பென்ஸ்டனைட் புற ஊதாக் கதிரில் சிவந்து ஒளிரும் ஜாதி என்ற குறிப்பு.

ஒளிரும் கற்களில் எனக்கு ஏற்கெனவே ஒரு மோகம் இருந்தது. கல்லூரிச் சுற்றுலாவில் ஒருமுறை பெங்களூருக்குப் போயிருந்தபோது, ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சர் சி. வி. ராமன் தம் கையாலேயே தேடிச் சேர்த்த கற்களைக் கண்டோம். அவற்றில் ஒரு பகுதி இருட்டறையில் வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் வெறும் சல்லிக்கற்களாகத் தோன்றிய அவை, விளக்கை அணைத்துக் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சிய கணத்தில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகத் தத்தம் வர்ணத்தில் கனலத் தொடங்கியபோது எங்கள் கூட்டத்தில் எழுந்த பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. 1852ஆம் ஆண்டில், அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இந்த நிகழ்ச்சிக்கு ஃப்ளோரைட் கல்லின் பெயரைத் தழுவியே பெயர் சூட்டினார். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஃப்ராங்க்ளின் சுரங்கத்தில் வில்லமைட் பச்சையாகவும், கால்சைட் சிவப்பாகவும், எஸ்பரைட் என்ற அபூர்வ சிலிகேட் எலுமிச்சை மஞ்சளாகவும் ஒளிரும் என்பதைப் படித்த எனக்கு, அத்தகைய ஒன்றை எங்கள் ஊர் மண்ணில் கண்டெடுக்க வேண்டும் என்ற ஆசை, உண்மையைச் சொன்னால் ஒரு பேராசையாகவே வளர்ந்துவிட்டது.

1973ஆம் ஆண்டுத் தை மாதத்தில், துறையில் இருந்த பாதரச ஆவி விளக்கை ஆசிரியரிடம் மன்றாடிப் பெற்றுக்கொண்டு ஊருக்கு வந்தேன். இக்காலத்துப் பிள்ளைகள் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் கைவிளக்கைப் போன்றதன்று அது. ஊதாக் கண்ணாடி பதித்த தகரப் பெட்டி ஒன்று, அதற்கு மின்சாரம் தர மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்று, இரண்டுக்கும் நடுவே முறுக்கிக்கொண்டு கிடக்கும் கம்பிகள் என்று ஒரு சுமைப் பாரம். அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு செவ்வாத்தூர் சென்றபோது, வெர்மிகுலைட் குழியில் வேலை செய்துவந்த ஒருவர் எனக்குத் துணையாக வர இசைந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றே அழைத்தேன். இரவு எட்டு மணிக்கு மேல், பிறை மறைந்தபின், குழிக்குள் இறங்கினோம்.

விளக்கைப் போட்டதும் முதலில் ஒளிர்ந்தது கல் அன்று, அண்ணனுடைய வேட்டி. புதுச் சோப்புத் தூளில் வெளுத்த துணி நீல வெண்மையாக ஒளி வீசியது. பிறகு ஒரு காகிதத் துண்டு; பிறகு எதுவோ ஒரு வேர். குவியலின் ஓரத்தில், ஒரு சாண் தூரத்தில், பசுமை கலந்த நீல நிறத்தில் அரை விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று பிரகாசித்தது. வில்லமைட் என்று என் மனம் கூவிற்று. குனிந்து கையை நீட்டியபோது, “தம்பி, கையை எடு! தேளு அது” என்று அண்ணன் என் தோளைப் பற்றி இழுத்துவிட்டார். தேளின் ஓடு அந்தக் கதிரில் ஒளிரும் என்பதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவரும் அப்படி ஒளிர்ந்த தேளை அதற்குமுன் கண்டவரல்லர். ஆனால் இரவில் அந்தக் குவியலில் எது எங்கே ஒதுங்கும் என்பதும், அது வாலை எப்படி வளைத்து வைத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன.

அதன்பின் நெடுநேரம் ஒன்றுமில்லை. வெள்ளைப் பாறைத் துண்டுகள் சில மங்கிய செம்மை காட்டின. அது சுண்ணக் கனிமத்தின் இயல்பு. மூன்றாவது குழியிலா நான்காவது குழியிலா என்று திட்டமாகச் சொல்ல முடியாத ஓரிடத்தில், சரிந்து கிடந்த மண்ணில், கடுகளவில் சில பொறிகள் தெரிந்தன. பழுத்த மாம்பழத்தின் தோல் நிறத்தில், மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்து, நெருப்புத் தணிந்த சாம்பலுக்குள் எஞ்சியிருக்கும் தணலைப் போல அவை கிடந்தன. அவற்றைப் பொறுக்கினேன். மற்றொரு குழியிலும் இரண்டு கிடைத்தன. அவற்றையும் பொறுக்கி எல்லாவற்றையும் ஒரே துணிப் பைக்குள் போட்டேன். இரவு வீடு திரும்பியதும் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு சிறு சீட்டில் ‘எஸ்பரைட்’ என்று எழுதிப் பையோடு கட்டிவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

சென்னையில் என் ஆசிரியர் அந்தப் பையை வாங்கி, சீட்டைப் படித்து, மேசையின் மேல் வைத்துவிட்டு, கற்களைப் பார்க்காமலே என்னைப் பார்த்தார்.

“தம்பி, இவை எந்தக் குழியில் எடுத்தவை?”

நான் இரண்டு குழிகள் என்றேன். எவை எதிலிருந்து என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“எந்தப் பாறையை ஒட்டிக் கிடந்தன? சுண்ணப் பாறையா, பைராக்சினைட்டா, சயனைட்டா?”

சரிந்த மண் என்றேன்.

“எஸ்பரைட்டில் ஈயம் இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது. ஃப்ராங்க்ளினில் இரண்டும் இருந்தன, அதனால் அது அங்கே பிறந்தது. செவ்வாத்தூரில் துத்தநாகத் தாதுவை யார் கண்டார்கள்? வர்ணத்தைப் பார்த்தாய், வாழ்ந்த வீட்டைப் பார்க்கவில்லையே.”

கடிந்து சொல்லவில்லை. அந்தப் பையை என்னிடமே திருப்பித் தந்து, மறுபடியும் போய் வரும்படி சொன்னார். நான் அன்று பட்ட வெட்கத்தைவிட, அவர் கேட்ட கேள்வி எத்தனை எளியது, அதற்கு விடை வைத்திருப்பது எத்தனை எளிதாய் இருந்திருக்கும் என்ற எண்ணமே என்னை அதிகம் வருத்திற்று. ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் என் பையில் அன்றிரவும் இருந்தன.

மாசி மாதத்து அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகவே மறுபடி போனேன். இம்முறை பகலில் தொடங்கினேன். குழிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றின் சுவரிலும் எந்தப் பாறை எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்பதை வரைந்துகொண்டேன். பழுப்புப் பச்சையான பைராக்சினைட் பாறையைச் சுண்ணக் குழம்பு ஊடுருவிய விளிம்புகளில் கரும்பழுப்பு அபிரகம் பிறந்து, மழை நீர் பட்டுப் பட்டுப் பொன்னிறக் காக்காப்பொன்னாக மாறியிருந்ததை, சிறு வயது முதல் கையில் வைத்து விளையாடிய அந்தப் பொருளின் ஜாதகத்தை, அன்றுதான் முழுமையாகக் கண்டேன். நான்காவது குழியின் வடக்குச் சுவரில் சுண்ணப் பாறை மக்கி மணலாக உதிர்ந்திருந்தது. அதற்குக் கீழே கிடந்த மண்ணை ஒரு கூடையில் அள்ளி, எண்ணை எழுதி, அண்ணனுடைய வீட்டுக்குக் கொண்டு சென்றேன்.

மண்ணைக் கழுவித் தேட என்னிடம் தட்டு ஒன்று இருந்தது. அதை நான் கிணற்றடியில் வைத்துச் சுழற்றியதில் கனமானதும் இலேசானதும் சேர்ந்தே ஓடின. அதைத் திண்ணையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த அண்ணனுடைய தாயார் எழுந்து உள்ளே போய், அரிக்கஞ்சட்டியைக் கொண்டு வந்தார். அரிசியில் கல் அரிப்பதற்காக உட்புறமெல்லாம் வரிவரியாகக் கீறிச் சுட்ட மண்சட்டி அது. நீரை வார்த்து, சட்டியை இடப்பக்கம் சற்றே சாய்த்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து அவர் ஆட்டிய ஆட்டத்தில், இலேசான சுண்ண மணலும் அபிரகச் செதிலும் நீரோடு வழிந்து வெளியேற, கனத்தவை ஒவ்வொரு வரியிலும் தங்கித் தங்கி அடியில் இறங்கின.

“அரிசில கல்லு கெடந்தா கல்லை எறிஞ்சிட்டு அரிசியை எடுப்போம். நீ இன்னாடான்னா அரிசியை எறிஞ்சிட்டுக் கல்லைக் கேக்கறியே கண்ணு” என்றார்.

“ஆயா, எனக்கு இந்தக் கல்தான் அரிசி” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது சட்டிக்கு மண் எடுத்தார். பொன் அரிப்பவர்களின் தட்டைப் பற்றி மேல்நாட்டு நூல்கள் எத்தனையோ பக்கம் எழுதுகின்றன. நம் வீட்டுப் பெண்கள் அதே சாஸ்திரத்தை அன்றாடம் உலை வைக்குமுன் செய்துவந்திருக்கிறார்கள் என்பதை எந்த நூலிலாவது எழுத வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றிற்று. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கூடை முழுவதையும் அரித்து முடித்தபோது சட்டியடியில் ஒரு பிடி கறுப்பு மணல் மிஞ்சியது. காகிதத்தில் பரப்பி உலர்த்தி, காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே நகர்த்தியதும் முக்கால் பங்கு மேக்னடைட்டாக எழுந்து ஒட்டிக்கொண்டது. எஞ்சியவற்றில் கரும்பழுப்பில் எட்டு முகம் கொண்ட சில மணிகள் இருந்தன. அவை நயோபியம் அடங்கிய பைரோகுளோராக இருக்கலாம் என்று தனியே ஒதுக்கினேன். மற்றவை செம்பழுப்பாகவும், தேன் நிறமாகவும், சில சாம்பல் நிறமாகவும் இருந்தன. பெரும்பாலானவை மணல் பருமன். ஒன்று மட்டும் துவரம்பருப்பு அளவு.

இருட்டியதும் அந்தக் காகிதத்தின் மேல் விளக்கைப் பிடித்தேன். பைரோகுளோர் மணிகள் செத்துக் கிடந்தன. தேன் நிற மணிகள் அத்தனையும், ஒன்றுகூட விடாமல், அதே மாம்பழ வர்ணத்தில் எரிந்தன. ஆயா அருகில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “வெளக்கு ஏத்தி வச்ச மாதிரி கீது” என்று சொன்னதைத் தவிர அங்கே சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நானும் அன்று பெயர் எதையும் எழுதவில்லை.

மறுநாள் பகலில் பரீட்சை தொடங்கிற்று. மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒளிரக்கூடிய கனிமங்கள் பல. சோடலைட் ஒளிரும், வோலாஸ்டனைட் ஒளிரும், ஸ்கேபோலைட் ஒளிரும், சில இடத்து அபடைட்டும் ஒளிரும். முதலில் ஒரு துளி அமிலம்: பொங்கவில்லை, ஆகவே சுண்ணக் கனிமம் அன்று. பிறகு கடினம். துவரம்பருப்பு அளவிலான அந்தப் படிகத்தை ஒரு குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிப் பதித்து, பேனாக் கத்தியால் கீறிப் பார்த்தேன். கத்தியின் இரும்புதான் கல்லின் மேல் கோடாகப் படிந்ததே தவிர, கல்லில் கீறல் விழவில்லை. கத்திக்கு இடங்கொடுக்கும் அபடைட்டும் வோலாஸ்டனைட்டும் அத்துடன் விலகின. வயலில் கிடந்த வெங்கச்சங்கல் ஒன்றை எடுத்து அதன் வழவழப்பான முகத்தில் அழுத்தித் தேய்த்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வெங்கச்சங்கல்லில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. கடினத்தில் ஏழாம் படியிலுள்ள வெங்கச்சங்கல்லைக் கீறுவது அதற்கு மேற்பட்டதாகவே இருக்கவேண்டும். சோடலைட்டும் ஸ்கேபோலைட்டும் அதற்கு வெகு கீழே.

கனத்துக்கு அரிக்கஞ்சட்டியே சாட்சி. சுண்ணமும் அபடைட்டும் வழிந்தோடிய நீரில் வழியாமல், மேக்னடைட்டோடு அடியில் தங்கிய பொருள் அது. கடைசியாக உருவம். அரக்கில் பதித்த படிகத்தைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தி நுனி வழியாக நோக்கியபோது, அதன் குறுக்குவெட்டு ஆறு பட்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக, சதுரக் கம்பத்தின் மேல் கோபுரம் வைத்தாற்போல் நாற்புறமும் சரிந்து ஒரு முனையில் கூடிற்று. வெளிச்சம் பட்ட முகங்களில் கண்ணாடிக்குரிய பளபளப்பைக் கடந்து வைரத்தை நெருங்கும் ஒரு பளபளப்பு. சதுரப் படிகம், வைரச் சாயல், மிகுந்த கனம், வெங்கச்சங்கல்லைக் கீறும் வன்மை, குறுகிய அலைக் கதிரில் செம்மஞ்சள் ஒளி. இவ்வளவும் ஒருங்கே பொருந்துவது சிர்கானுக்குத்தான். குறிப்பேட்டில் முதலில் ‘செவ்வாத்தூர், குழி 4, வடக்குச் சுவர், மக்கிய கார்பனடைட் மண்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘சிர்கான், சரிபார்க்க’ என்று எழுதினேன்.

சென்னையில் சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலையாகவே முடிந்தது. மெத்திலீன் அயோடைடு என்ற கன திரவத்தில் அபடைட் மிதக்கும். எங்கள் மணிகள் கல்லாகவே மூழ்கின. நுண்ணோக்கியின் கீழ் அவற்றின் ஒளிவிலகல் அந்தத் திரவத்தினுடையதைக் காட்டிலும் மிக உயர்ந்து, விளிம்புகள் கறுத்த மையில் வரைந்தாற்போல் நின்றன. ஆசிரியர் என் குறிப்பேட்டை வாங்கிப் படித்து, ‘சரிபார்க்க’ என்ற சொல்லைத் தம் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

சிர்கான் அபூர்வமான கனிமம் அன்றே, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது மூட்டை மூட்டையாகப் பிரித்தெடுக்கப்படுகிறதே என்று வாசகர் கேட்கலாம். நானும் அன்று ஆசிரியரிடம் சற்று ஏமாற்றத்தோடு அதைத்தான் கேட்டேன். அவர் அளித்த விளக்கம் என் தொழிலையே திசை திருப்பிற்று. சிர்கான் பிறக்கச் சிர்க்கோனியத்தோடு சிலிகாவும் வேண்டும். கருங்கல்லிலும் சயனைட்டிலும் சிலிகாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுண்ணக் குழம்பிலிருந்து பிறந்த பாறையில் சிலிகா அரிது. ஆகவே அத்தகைய இடத்தில் சிர்க்கோனியம் பல சமயம் சிலிகாவின் துணையின்றித் தனித்து ஆக்சைடாக, பேடலைட் என்ற வேறொரு கனிமமாக, அமைந்துவிடும். அங்கே சிர்கானாக அமைந்திருக்கிறதென்றால், அந்தக் குழம்புக்குச் சிலிகா எங்கிருந்தோ கிடைத்திருக்க வேண்டும். சுற்றிலுமுள்ள பாறையிலிருந்து வந்ததா, குழம்பிலேயே இருந்ததா என்பது ஒரு சரித்திரக் கேள்வி. கடற்கரையில் கிடக்கும் சிர்கான் மணி தன் பிறந்த வீட்டை மறந்துவிட்ட மணி. நான்காவது குழியின் வடக்குச் சுவரோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எங்கள் மணி அபூர்வமாகிறது. சுவரை விட்டுவிட்டால் அதுவும் கடற்கரை மணலே.

அந்தப் பேடலைட் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இலங்கையின் ரக்வானையில், 1892ஆம் ஆண்டில். சிர்க்கோனியம் என்ற தனிமமே 1789ஆம் ஆண்டில் க்ளாப்ராத் என்ற ஜெர்மானிய இரசாயனியால் இலங்கைச் சிர்கான் கல்லிலிருந்துதான் அறியப்பட்டது. இலங்கையைப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. சிவ நடனத்தைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்ன கலை மேதையாகவே நாம் அவரை அறிந்திருக்கிறோம். அந்தப் புகழுக்கு முன்பு அவர் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்து, சம்மட்டியும் கையுமாக மலையேறியவர். 1903ஆம் ஆண்டில் பிரையர் என்பவரோடு சேர்ந்து கண்டிப் பக்கத்தில் கிடைத்த ஒரு புதிய போரோசிலிகேட்டை விவரித்து, இலங்கையின் பழைய அராபியப் பெயரான செரண்டிப் என்பதைக் கொண்டு அதற்குச் செரண்டிபைட் என்று பெயரிட்டார்; தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் வெளிப்பட்டதும் அவர் முயற்சியால்தான். அபூர்வ சிலிகேட் ஒன்றுக்கு அது கிடந்த மண்ணின் பெயரையே அவர்கள் சூட்டியதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எங்கள் மணிகள் ஏன் ஒளிர்கின்றன என்பதற்கும் அவற்றின் பிறப்பே காரணம். படிகம் உறையும்போது அதன் கட்டுக்கோப்பில் புகுந்துவிட்ட அருமண் தனிமங்களின் சிறு சுவடுகளும், கட்டுக்கோப்பில் நேர்ந்த குறைகளும் புற ஊதாக் கதிரை வாங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகின்றன. யுரேனியமும் தோரியமும் மிகுதியாய்ப் புகுந்து, தம் கதிர்களாலேயே கட்டுக்கோப்பைச் சிதைத்துவிட்ட சிர்கான்கள் மங்கிப்போகும். செவ்வாத்தூர்ப் பாறையின் வயது அன்று எங்களுக்குத் தெரியாது. 1991ஆம் ஆண்டில் அனில் குமார், கோபாலன் என்ற இருவர் ருபிடியம்-ஸ்ட்ரான்ஷியம் முறையால் அளந்து, ஏறக்குறைய 77 கோடி ஆண்டுகள் என்று ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதைப் படித்தபோது நான் கல்லூரியொன்றில் ஆசிரியனாகி நெடுங்காலம் ஆகியிருந்தது. மாணவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, அரிக்கஞ்சட்டியின் கதையையும் சொன்னேன்.

இரண்டாம் முறை சென்ற அந்த மாசி மாதத்தில், வேலை முடிந்த மறுநாள், நண்பர் ஒருவரோடு ஜவ்வாது மலை ஏறிக் காவலூர் வானாய்வு நிலையம் வரை போய் வந்தேன். அங்கே முந்தின ஆண்டில்தான் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுவியிருந்தார்கள்; நான்கு ஆண்டுகளுக்குப் பின் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதன் அடையாளம் அதன் வழியாகவே இங்கே பதிவாயிற்று. நட்சத்திரம் பார்ப்பவர்கள் அந்த மலையைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் ஒன்று அதன் இருட்டு. தொலைநோக்கிக் கூடத்துக்கு வெளியே நின்று கீழே சமவெளியைப் பார்த்தபோது, எங்கள் குழிகள் கிடக்கும் திக்கில் விளக்கு ஏதும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த இருட்டு எனக்கு ஒரு சொத்தாகத் தோன்றிற்று. இன்று அதே திக்கில் சாலை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஊருக்கு வெளிச்சம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

பின்னர் தமிழ்நாடு கனிம நிறுவனம் செவ்வாத்தூரில் வெர்மிகுலைட்டை முறையாகத் தோண்டத் தொடங்கியது. நான் வரைந்த நான்காவது குழியின் சுவர் இப்போது இல்லை. அண்ணனும் ஆயாவும் இல்லை. மணிகள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில், அன்றைய சீட்டோடு, என் மேசையில் இருக்கின்றன. முதல் இரவில் பொறுக்கியவையும் வேறொரு குப்பியில் இருக்கின்றன. அவையும் சிர்கானே, ஒளியும் அதேதான். ஆயினும் அவற்றின் சீட்டில் இடத்துக்கு நேரே எழுத என்னிடம் ஒன்றுமில்லாததால், மாணவர் எவருக்கும் அவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுத்ததில்லை.

இக்காலத்தில் புற ஊதாக் கைவிளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இளைஞர்கள் பலர் அதை எடுத்துக்கொண்டு குன்றுகளுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மிகவும் மகிழ்கிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணுக்குத் தக்க கண்ணாடி அணிந்து, சுரங்க எல்லையாயின் அனுமதி பெற்று, உள்ளூரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். ஒளிரும் மணி ஒன்று கண்ணில் பட்டால், குனிந்து எடுப்பதற்கு முன்பாக, அது கிடக்கும் ஊரையும், குழியையும், பக்கத்துப் பாறையையும், தேதியையும், விளக்கின் அலைநீளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைப் பிறகு எழுதலாம்.